கம்பெனிக் கட்டை

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு சாமானை வாங்கினால் வாங்கினபடி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. புது வண்டி வாங்குகிறான். ஷோரூம் வாசலைத் தாண்டியதும் முதல் வேலையாகப் பின்னால் பார்க்கிற கண்ணாடி இரண்டையும் கழற்றி வீட்டில் வைக்கிறான். அப்புறம் சைலன்சரை மாற்றுகிறான், ஹாரனை மாற்றுகிறான், சீட்டை வெட்டுகிறான். எல்லாம் முடிந்து பார்த்தால் அவன் வாங்கின வண்டியில் நம்பர் பிளேட் மட்டும்தான் மிச்சம். எங்கள் தெருவில் ஒருவன் புது ஃபேனை வாங்கி, சுவருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அதன் இறக்கைகளுக்குப் பெயின்ட் அடித்தான். அன்றிலிருந்து அந்த ஃபேன் சாமி வந்த மாதிரி ஆடிக்கொண்டே சுற்றுகிறது. செய்தவன் என்ன முட்டாளா? கம்பெனியில் நூறு பேர் உட்கார்ந்து யோசித்துச் செய்ததை, வாங்கினவன் அரை மணி நேரத்தில் திருத்துகிறான்.

ஊரான் வண்டி, ஊரான் ஃபேன் என்று நான் சும்மா இருந்தேன். என் மகள் மெர்சி என்னுடைய ரைபிளின் பின்பக்கத்து மரக்கட்டையை அறுக்க வேண்டும் என்று சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அது வேட்டை ரைபிள். வடக்கே அரசாங்கக் கம்பெனியில் செய்தது. என் அப்பா பேரணாம்பட்டில் தோல் பதனிடுகிற ஒரு டேனரி முதலாளிக்கு ஜீப் ஓட்டினார். முதலாளி வேட்டைப் பிரியர். வேட்டைக்குத் தடை வந்ததும் அவருக்கு அந்த ரைபிளைப் பார்க்கவே பிடிக்காமல் போய்விட்டதாம். எங்களுக்கு மாதனூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம் இருந்ததால், பயிர்க் காவலுக்கு என்று முறைப்படி அப்பா பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். அப்பாவுக்குப் பிறகு எனக்கு வந்தது. ஆக, வேட்டை ரைபிள் என்று பெயர்தானே தவிர, எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அது ஒரு முயலைக்கூட அடித்ததில்லை. வேர்க்கடலை காய் பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றி இறங்கினால், மண் கரையைப் பார்த்து ஒன்று சுடுவேன். பன்றி ஓடும். பக்கத்துக் கொல்லைக்குத்தான் ஓடும், அது அவர்கள் பாடு.

அதில் நான் எதையும் மாற்றியதில்லை. வார்னிஷ்கூட அடித்ததில்லை. துடைப்பேன், எண்ணெய் போடுவேன், வைப்பேன். கட்டையின் பின்பக்கம், தோளில் படுகிற இடத்தில், தோல் உறை ஒன்று இருக்கிறது. ஆட்டுத்தோல். வாரால் இறுக்கிப் பின்னிக் கட்டியது. தையல் என்றால் தையல், நூல் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நான் டேனரியில் கைரேகை தேய்கிற வரைக்கும் வேலை செய்தவன். தொட்டதுமே தெரியும், ஆவாரம்பட்டை போட்டுப் பதம் பண்ணின தோல், நம் பக்கத்துச் சரக்கு. துப்பாக்கிக் கம்பெனியே நம் ஊரில் இருந்துதான் தோல் வாங்கியிருக்கிறது என்று நான் சொல்லாத ஆள் கிடையாது. உலகம் முழுக்கப் போன தோல். வடக்கே போயிருக்காதா?

இன்னொரு விஷயம். அந்த ரைபிளை எடுத்தால் அது தானாக வந்து என் தோளில் உட்காரும். கன்னம் எங்கே படவேண்டுமோ அங்கே படும். கண்ணைத் திறந்தால் நேர் எதிரில் குறி நிற்கும். நான் உயரமான ஆள். கை நீளம் ஜாஸ்தி. கடையில் வாங்கின எந்தச் சட்டையும் எனக்கு மணிக்கட்டுக்கு வந்ததில்லை. ஆனால் இந்த ரைபிள் மட்டும் பொருந்தும். எங்கேயோ வடக்கே இருக்கிறவனுக்கு என் கை அளவை யார் போய்ச் சொன்னது என்று நான் யோசித்ததுண்டு.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. எழுபது ஆனால், உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு லைசென்ஸை மாற்றலாம் என்று சொன்னார்கள். எனக்கு ஒரே வாரிசு மெர்சி. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிற பகுதியில் இருக்கிறாள். அவள் புருஷன் ஜோசுவா கம்பெனி பஸ் ஓட்டுகிறான். நல்ல பையன், ஆனால் ரைபிள் இருக்கிற அறைக்குள் நுழையமாட்டான். அலமாரியில் சட்டை எடுக்க வேண்டுமென்றாலும் மெர்சியைத்தான் அனுப்புவான். நிலத்தைப் பார்த்துக்கொள்வது அவள்தான். பன்றியை விரட்டப் போகிறவளும் அவள்தான்.

லைசென்ஸுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியும் என்று சான்று வேண்டும். அதற்காக அவள் ரைபிள் கிளப்பில் போய்ப் பயிற்சி எடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, என் ரைபிளையும் என் கையெழுத்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அங்கே போனவள், சாயங்காலம் வந்து ஜாக்கெட் கையைச் சுருட்டிக் காட்டினாள். தோளுக்குக் கீழே புஜத்தில் பெரிதாக நீலம் பாய்ந்திருந்தது. டேனரி டிரம்மில் இருந்து எடுத்த குரோம் தோலுக்கு ஒரு நிறம் இருக்குமே, அந்த நீலம்.

"இன்னா இது?"

"உன் ரைபிள் குடுத்த முத்தம். கட்டை எனக்கு நீளம்ப்பா. தோள்ல நிக்கமாட்டேங்குது, நழுவி இங்க வந்து இடிக்குது. ட்ரெயினரு பாத்துட்டு, இத வெச்சுச் சுட்டா எலும்பு போயிடும்மா, கட்டையக் கம்மி பண்ணினு வாங்கன்னுட்டாரு."

"கையை நீட்டிப் பிடி."

"எவ்ளோ நீட்டுறது? ரப்பரா என் கை? நான் அம்மா மாதிரி குள்ளம், உன்ன மாதிரி பனமரமா?"

அவள் ரைபிளை எடுத்துக் காட்டினாள். உண்மையாகவே கேவலமாகத்தான் இருந்தது. உடம்பை ஒரு பக்கம் திருப்பி, கழுத்தை ஆமை மாதிரி நீட்டி, விரலால் விசையைத் தேடிக்கொண்டு நின்றாள். அப்படி நிற்கிறவளைப் பார்த்தால் பன்றி ஓடாது, நின்று சிரிக்கும்.

ஆனாலும் சொன்னேன். "கம்பெனி செஞ்சது செஞ்ச மாதிரியே இருக்கணும். இதுல கைய வைக்கக் கூடாது. வைக்கமாட்டேன்னு சொல்லு, உன் பேருக்கு மாத்தித் தர்றேன்."

"அறுக்காம எனக்கு எதுக்குப்பா அது? ஆணியில மாட்டி ஊதுபத்தி காட்டவா?"

"இல்லன்னா வேணாம்."

"வேணாம்னா வேணாம். உனக்கப்புறம் அது ஸ்டேஷன்லயோ கடையிலயோ கெடக்கும். எவனோ வாங்கினு போவான். அவன் அறுப்பான் பாரு, முழுசா அறுப்பான். அப்ப நீ மேல இருந்து பாத்துக்கோ."

அப்பனிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை. அவள் வாங்கவில்லை என்றால் ரைபிள் வீட்டை விட்டுப் போகும். அவள் வாங்கினால் அறுப்பாள். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

மாற்றுகிற வேலை என்றாலே எனக்குச் சந்தேகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்துக் கொல்லைக்காரன் பாண்டியன் தன்னுடைய துப்பாக்கியை ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்து, டார்ச் லைட் மாட்ட ஒரு பிடி வைக்கச் சொன்னான். தோளில் இடிக்காமல் இருக்க சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினான். முதல் வெடிக்கே டார்ச் எகிறிப்போய் அவனுடைய கிணற்றுக்குள் விழுந்தது. பன்றி கடலையைத் தின்றுகொண்டே இருந்ததாம். மாற்றுகிறவன் கதை எல்லாம் இப்படித்தான் முடியும் என்று மெர்சியிடம் சொன்னேன்.

"பாண்டியன் மாமா மூஞ்சிக்கு டார்ச்சே ஜாஸ்தி. நான் ஒரு ஷூவுக்கு அர மில்லி பிசகாம பேட்டர்ன் வெட்டுறவ. எங்கிட்ட அந்தாளைப் பத்திச் சொல்ற" என்றாள்.

பேச்சு அங்கேயே நின்றது. பங்குனி மாதம் தேர்தல் தேதி வந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவன் எல்லாம் அதை ஒப்படைத்தாக வேண்டும். ஸ்டேஷனில் கொடுக்கலாம், இல்லை உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையில் கொடுக்கலாம். நான் எப்போதும் வேலூர் லாங் பஜாரில் ஆபித் பாஷா கடையில்தான் கொடுப்பேன். ஸ்டேஷனில் துப்பாக்கியை மூலையில் விறகு மாதிரி சாய்த்து வைப்பார்கள். ஆபித் பாஷா கம்பளி விரித்து வைப்பார். அவருக்குத் துப்பாக்கி வேலையும் தெரியும்.

இந்தத் தடவை மெர்சி தானும் வருகிறேன் என்றாள். லீவு போட்டுவிட்டு வருகிறாளாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் இல்லாத நேரம் இவள் அந்தக் கடைக்குப் போய் அறுக்கச் சொல்வாள். அதற்கு முன்னால் பாயிடம் நேரில் சொல்லிவிட வேண்டும், என்னைக் கேட்காமல் ஒரு ஆணியைக்கூடத் தொடக்கூடாது என்று. அதனால்தான் கூட்டிக்கொண்டு போனேன். கண் முன்னால் இருந்தால் களவு நடக்காது.

ரைபிளைத் துணிப்பையில் போட்டு, மேலே பழைய பெட்ஷீட்டைச் சுற்றி, பஸ்ஸில் ஏறினோம். லைசென்ஸ் என் பாக்கெட்டில். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருத்தி அதைப் பார்த்து, "ஸ்கிரீன் மாட்டுற ராடா? எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

மெர்சி சிரிக்காமல் சொன்னாள். "ஆமாக்கா. கொஞ்சம் நீளமாப் பூடுச்சு. அறுக்கத்தான் எடுத்துனு போறோம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

லாங் பஜாரில் நடப்பது ஒரு தண்டனை. தள்ளுவண்டி ஒரு பக்கம், ஸ்கூட்டர் ஒரு பக்கம், நடுவில் மூட்டை தூக்குகிறவன் வழி கேட்டுக் கத்துகிறான். ஆபித் பாஷாவின் கடை ஒரு பாத்திரக் கடைக்கும் ஒரு கயிற்றுக் கடைக்கும் நடுவில், வெளியே இரும்புக் கம்பிக் கதவு போட்டு இருக்கும். தேர்தல் நேரம் என்பதால் உள்ளே சுவர் முழுக்கத் துப்பாக்கிகள். ஒவ்வொன்றிலும் நூலில் சீட்டு தொங்கியது.

"வாங்கண்ணே, வாங்க. எலெக்ஷன் வந்தாதான் உங்க முகம் தெரியுது. ஓட்டுக் கேக்க வர்றவனும் நீங்களும் ஒண்ணு" என்றார் ஆபித் பாஷா. என்னைவிடக் கொஞ்சம் சின்னவர். தாடிக்கு மருதாணி போட்டிருந்தார். மெர்சியைப் பார்த்து, "பொண்ணா? எப்பிடிம்மா இந்தாளோட பேஜாரத் தாங்குற?" என்றார்.

"பாய், அத விடுங்க" என்றேன். "இவ இதோட கட்டைய அறுக்கணும்னு சொல்றா. நீங்க அறுக்கக் கூடாது. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "குழாயைத் தொட்டா சட்டம் புடிக்கும். கட்டை உங்க இஷ்டம். ஆனா கட்டைய அறுத்தா திரும்ப வளராது. அதனால ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க, நான் டீ சொல்றேன்."

மெர்சி தன் பையில் இருந்து அளவு நாடாவை எடுத்தாள். வரும்போதே எடுத்து வந்திருக்கிறாள் பாருங்கள். விசையில் இருந்து கட்டையின் கடைசி வரைக்கும் பிடித்தாள். தன் முழங்கை மடிப்பில் இருந்து விரல் வரைக்கும் பிடித்தாள். பாயிடம் இரண்டையும் சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"இன்னாம்மா, இவ்ளோவா? கம்பெனி கட்டை இவ்ளோ நீளம் வராதே."

"வந்திருக்கே" என்றேன் நான்.

"நீள சைஸும் போடுவாங்கண்ணே, குள்ள சைஸும் போடுவாங்க. ஆனா இது அதுக்கும் மேல இருக்கு." நாடாவை வாங்கித் தானே ஒரு தடவை பிடித்துப் பார்த்தார். "இந்தத் தோலக் கழட்டினா தெரியும். கழட்டட்டா?"

"அது கம்பெனித் தோல். அதக் கழட்டக் கூடாது."

"என் கடைக்கு வராத ரைபிள் இல்ல. ஒண்ணுத்துலயும் கம்பெனித் தோல் நான் பாத்ததில்ல."

"மத்தவன் தொலைச்சிருப்பான். நான் தொலைக்கல."

மெர்சி இதற்குள் உறையின் ஓரத்தை நகத்தால் லேசாகத் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்தால் தொட விட்டிருக்கமாட்டேன். "தையலப் பாருங்க பாய். மெஷின் இல்ல, கைத்தையல். கம்பெனின்னா ஒரே அளவுல நூறு ஒற போடுவான். இது இந்த ஒரே கட்டை மேலயே வெச்சு வெட்டினது. கால் மேலயே தோல வெச்சு செருப்புத் தெக்கிறது மாதிரி."

"எனக்குத் தெரியாததா?" என்றேன். "அது நம்ம ஊர்ப் பட்டைத் தோலுன்னு நாந்தான் உனக்கே சொன்னது. கம்பெனி இங்க வாங்கிச்சு. வாங்கி, நம்ம ஆளுங்களையே தெக்கச் சொல்லியிருக்கும்."

பாய் சிரித்துவிட்டார். சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கே உள்ளுக்குள் ஒன்று அரித்தது. இத்தனை வருஷமாக வெளியே எண்ணெய் போட்டிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. கம்பெனி மூடினது என்று மூடியே வைத்திருந்தேன். இப்போது இரண்டு பேர் உள்ளே ஏதோ இருக்கிறது என்று சொல்கிறார்கள். பார்க்காமல் வீட்டுக்குப் போனால் ராத்திரி தூக்கம் வருமா?

"தள்ளுங்க. யாரும் தொட வேணாம், நானே கழட்டுறேன்" என்றேன்.

முடிச்சு கல்லாக இருந்தது. எண்ணெய் ஏறி ஏறி வாரும் தோலும் ஒன்றாகியிருந்தன. அறுக்காமல், ஊசி முனையால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன். டீ வந்து ஆடை கட்டிப்போனது. கடைசியில் உறை பாம்புச் சட்டை மாதிரி கையோடு வந்தது.

கட்டை நல்ல தேக்கைவிடக் கறுப்பாக, பளபளப்பாக இருந்தது. ஆனால் கடைசியில் இரண்டு விரல் அகலத்துக்கு வேறு மரம். வெளுத்த மரம். நடுவில் ஒரு கோடு. தடவிப் பார்த்தால் கோடு கையில் தட்டாது, அவ்வளவு சுத்தமாக இழைத்திருந்தார்கள். கண்ணுக்குத்தான் தெரிந்தது.

முதலில் பேசியது மெர்சிதான். மெதுவாக, கிண்டல் இல்லாமல்தான் கேட்டாள்.

"ஒட்டுப் போட்டிருக்குப்பா. யாரு போட்டது?"

"கம்பெனி" என்றேன்.

"அண்ணே" என்றார் பாய். "கம்பெனிக்கு நீளம் வேணும்னா நீளமான கட்டைல செய்வான். துண்டு ஒட்டுவானா?"

"அன்னைக்கு மரம் கம்மியா இருந்திருக்கும்."

பாய் பின்னால் இருந்த இரும்புத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றினார். நீளமான திருகாணிகள், மாட்டு வண்டிக்குப் போடுகிற மாதிரி. தகடு வந்தது. துண்டு வரவில்லை. பிறகு என் டீயைக் காட்டி, "அண்ணே, அது ஆறிப்போச்சு. வேற கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணி சொல்றேன்" என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் வாயில் வரவில்லை. அவர் துணியைச் சுடுதண்ணீரில் நனைத்து அந்தக் கோட்டின் மேல் சுற்றி வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை வந்தது.

அந்த வாடை எனக்குத் தெரியும். டேனரியில் கழித்த தோல் துண்டுகளையும் சவ்வையும் போட்டுக் காய்ச்சுவார்களே, வஜ்ஜிரம், அந்தக் காலத்துத் தச்சர்கள் ஒட்டுகிற பசை, அது. பேரணாம்பட்டில் அது காய்கிற பக்கமாகப் போனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். ஆயுதக் கடைக்குள் அந்த வாடை வந்ததும் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

துண்டு லேசாக அசைந்து கையில் வந்தது. உள்ளே கட்டையின் உண்மையான முடிவு தெரிந்தது. அதில் இரண்டு பழைய ஆணித் துளைகள். சுற்றிலும், அந்த இரும்புத் தகடு ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்த தடம். பாய் தகட்டை எடுத்து அதன் மேல் வைத்தார். தடத்துக்குள் இம்மி பிசகாமல் போய் உட்கார்ந்தது.

"இதுதாண்ணே கம்பெனி விட்ட இடம்" என்றார். "அதுக்கப்புறம் எவனோ கை நீளமானவன் சேர்த்துனு இருக்கான். ஒட்டு வெளிய தெரியக் கூடாதுன்னு தோல மாட்டிட்டான்."

"முதலாளி உயரமாப்பா?" என்று கேட்டாள் மெர்சி.

முதலாளியை நான் சின்ன வயதில் அவர் ஜீப்பில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்தவனின் உயரம் யாருக்குத் தெரியும்? என் அப்பா உயரம். எங்கள் பழைய வீட்டு நிலைப்படியில் குனியாமல் நுழைந்ததில்லை. ஆனால் அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ரைபிளை என் கையில் கொடுத்தபோது, "இருக்கிற மாதிரியே வெச்சிரு" என்றுதான் சொன்னார். எந்த மாதிரி என்று நான் கேட்கவில்லை.

"தெரியாது" என்றேன்.

மெர்சி கட்டையில் நாடாவைப் பிடித்தாள். தன் கையிலும் பிடித்தாள். அப்புறம் பாயைப் பார்த்தாள். அவர் தகட்டைச் சின்ன திருகாணியால் பழைய துளையில் முடுக்கி, குழாய்க்குள் தோட்டா இல்லை என்று பார்த்து, ரைபிளை அவளிடம் கொடுத்தார்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பித் தூக்கினாள். உடம்பு திரும்பவில்லை. கழுத்து நீளவில்லை. கட்டை தோள் குழியில் போய் உட்கார்ந்தது, கன்னம் அதன் மேல் படிந்தது, விரல் விசைக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா கிடந்தது. ஷூ கம்பெனிக்கு ஐடி கார்டு மாட்டிக்கொண்டு போகிற என் மகள் மாதிரியே இல்லை. அல்லது அவள் அப்படித்தானோ, நான்தான் பார்த்ததில்லையோ.

"அறுக்கவே வேணாம்ப்பா" என்றாள், குறியில் இருந்து கண்ணை எடுக்காமல். "கம்பெனி செஞ்ச மாதிரியே இருக்கட்டும். நீ சொன்ன மாதிரியே. இதுல கைய வைக்கமாட்டேன். சத்தியம்."

"அந்தத் துண்டத் திரும்ப ஒட்டுங்க பாய்" என்றேன்.

"இன்னாண்ணே இது! இப்ப மாத்தச் சொல்றது நீங்க. வேணாம்ங்கிறது பொண்ணு." அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வாசலில் கயிற்றுக் கடைக்காரன்கூட எட்டிப் பார்த்தான்.

"மாத்தச் சொல்லல. இருந்த மாதிரி வைக்கச் சொல்றேன்."

"எது இருந்த மாதிரி? நேத்து இருந்த மாதிரியா, கம்பெனில இருந்த மாதிரியா?"

"குடு இங்க" என்று அவளிடம் இருந்து வாங்கினேன். நானும் தூக்கிப் பார்த்தேன். முழங்கை எங்கேயோ போய் இடித்தது. கட்டைவிரல் மூக்கில் முட்டியது. தலை குனிந்து குறியைத் தேட வேண்டியிருந்தது. திருவிழாவில் வாங்கின பொம்மைத் துப்பாக்கியைப் பிடித்த கிழவன் மாதிரி இருந்திருப்பேன். மெர்சி வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். சிரிப்பா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

என் கையில் நேற்றுவரை பொருந்தினது இன்று பொருந்தவில்லை. இரும்பும் மாறவில்லை, கட்டையும் மாறவில்லை, இரண்டு விரல் மரம்தான் போயிருக்கிறது. கம்பெனிக்காரனுக்கு என் கை அளவு தெரியாது என்பது புரிந்தது. அப்படியானால் தெரிந்தவன் யார்? அன்றைக்கு நான் பிறந்திருந்தேனோ இல்லையோ. பிறந்திருந்தாலும் என் கை இவ்வளவு வளரும் என்று யார் கண்டார்கள்? அதை யோசித்தால் தலை சுற்றியது. ரைபிளை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

"சரி. உன் பேருக்கே மாத்திக்கோ. எங்க வரணும்னு சொல்லு, வர்றேன்."

"நெஜமாவாப்பா?"

"நெஜம்தான். ஆனா அந்தத் துண்டும் தோலும் எங்கிட்ட இருக்கும்."

"அத வெச்சு இன்னா பண்ணுவ?"

"கம்பெனி சாமான். தொலைக்கக் கூடாது."

அவள் பாயைப் பார்த்தாள், பாய் கூரையைப் பார்த்தார். பாய் சீட்டு எழுதி ரைபிளில் கட்டி, கம்பளி மேல் படுக்க வைத்தார். நான் துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். வஜ்ஜிரம் இன்னும் ஈரமாகவே இருந்தது, சட்டையில் ஒட்டியது. உறையை மடித்தால் வெடித்துவிடும் என்று சுருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் மெர்சி, "பிரியாணி சாப்ட்டுப் போலாம்ப்பா, நான் வாங்கித் தர்றேன்" என்றாள். சந்தோஷமாக இருந்தாள். பசியில்லை, நீ சாப்பிட்டு வா, பஸ் ஸ்டாண்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன்.

தள்ளுவண்டிகளுக்கு நடுவில் நடந்துகொண்டே உறையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஆவாரம்பட்டை. சந்தேகமே இல்லை. துண்டை எடுத்து முகர்ந்தேன். வஜ்ஜிரம், பேரணாம்பட்டுச் சரக்கு. தோல் வாங்க இங்கே வந்தவன் வஜ்ஜிரத்தை மட்டும் வேறு எங்கே போய் வாங்குவான்? இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருப்பான். அந்தத் தகட்டுத் தடம்கூட, முதலில் ஒரு மாதிரி செய்துபார்த்து, நீளம் போதவில்லை என்று கம்பெனிக்காரனே சேர்த்ததாக இருக்கும். பாய்க்கு எல்லாம் தெரியுமா என்ன? அவர் என்ன அங்கே போய்ப் பார்த்தாரா?

பின்னால் மெர்சி கூப்பிடுவது கேட்டது. நான் திரும்பவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துகொண்டே இருந்தேன்.